அது எப்படித் தெரியும்?

அறிவியல் எழுதுவதுதான் என் வேலை என்று சொன்னால், "காலேஜ்ல இருக்கீங்களா, இல்ல இஸ்ரோவா?" என்று அடுத்த கேள்வி வரும். இரண்டும் இல்லை. இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்ததோடு என் படிப்பு நின்றது. இதழ்களுக்குக் கட்டுரை எழுதுகிறேன். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் புத்தகம் எழுதுகிறேன். பள்ளிகளிலும் கிளை நூலகங்களிலும் பேசுகிறேன். மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்ததும் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன். இந்த வேலைக்கு வர நினைக்கும் இளைஞர்கள் அவ்வப்போது எழுதிக் கேட்கிறார்கள்: என்ன படிக்க வேண்டும், எங்கே தொடங்க வேண்டும், இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று. அவர்களுக்குத் துண்டு துண்டாக எழுதிய பதில்களைச் சேர்த்து, கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

"கஷ்டமானதை எளிமையா சொல்லணும், அவ்வளவுதானே?" என்பது பலருடைய எண்ணம். எளிமை வேண்டும்தான். ஆனால் எளிமையாகச் சொல்லப்பட்ட தகவலுக்கு இப்போது பஞ்சமே இல்லை. பூமிக்கு எத்தனை அடுக்கு, சூரியன் எத்தனை கோடி கிலோமீட்டர் என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். வாட்ஸப்பில் வரும் பொய்யும் அதே அளவு எளிமையாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. படிப்பவர் இரண்டில் எதை நம்புவார்? அவர் கையில் அளவுகோல் எதுவும் இல்லாதபோது, யார் அதிக உறுதியோடு சொல்கிறாரோ அவரைத்தான் நம்புவார். அதனால் ஒரு விஷயம் என்ன என்று சொல்லும்போதே, அது எப்படித் தெரியவந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் வேலையில் முக்கால் பங்கு இந்த இரண்டாவதுதான்.

இதை எனக்கு அழுத்திச் சொன்னது புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பெண். பூமியின் உள்ளமைப்பைப் பற்றிப் பேசி முடித்திருந்தேன். கடைசி வரிசையில் இருந்து எழுந்தாள். "மிஸ், பூமிக்குள்ள யாருமே போனதில்லைன்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் நடுவுல இரும்புதான் இருக்குன்னு எப்படித் தெரியும்?"

எவ்வளவு நியாயமான கேள்வி! மனிதர்கள் தோண்டியதில் மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. அதன் ஆழம் 12,262 மீட்டர், அதாவது பன்னிரண்டு கிலோமீட்டரும் கொஞ்சமும். பூமியின் மையம் 6,371 கிலோமீட்டர் கீழே. மேல்தோலைக்கூட நாம் முழுதாகக் கீறவில்லை. அப்படியிருக்க, நடுவில் இரும்பு என்று பாடப்புத்தகம் எந்தத் தைரியத்தில் எழுதுகிறது? அன்று மணி அடிப்பதற்குள் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதி பின்னால் ஒரு புத்தகமாகவே வளர்ந்தது.

பதில் 1798இல் தொடங்குகிறது. ஹென்றி கேவண்டிஷ் என்பவர் லண்டனில் தன் வீட்டு வளாகத்திலேயே ஒரு முறுக்குத் தராசை (மெல்லிய கம்பி முறுகுவதை வைத்து மிகச் சிறிய விசையை அளக்கும் கருவி) அமைத்து, ஈயக் குண்டுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதை அளந்தார். பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ ஐந்தரை மடங்கு என்று அதிலிருந்து தெரிந்தது. நம் காலடியில் கிடக்கும் கருங்கல் தண்ணீரைப் போல 2.7 மடங்குதான் வரும். மேலே இருப்பது இவ்வளவு லேசு, மொத்தத்தின் சராசரியோ அதற்கு இரண்டு மடங்கு என்றால் உள்ளே எங்கோ மிகக் கனமான ஒன்று இருந்தாக வேண்டும். ஒரு அறைக்குள் உட்கார்ந்தபடியே இதுவரை வந்துவிடலாம்.

அந்தக் கனமான பொருள் எங்கே தொடங்குகிறது? இதைச் சொன்னது நிலநடுக்கம். 1897 ஜூன் 12ஆம் தேதி அசாமிலும் ஷில்லாங்கிலும் பெரும் நிலநடுக்கம் வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஓல்டாம் அதை விரிவாக ஆராய்ந்தார். தொலைதூரத்தில், ஐரோப்பாவில் இருந்த கருவிகளில் பதிவான கோடுகளைப் பார்த்தபோது, அலைகள் ஒரே கும்பலாக வராமல் தனித்தனி வகைகளாக வந்து சேர்ந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. முதலில் வருபவை பாறையை நெருக்கியும் தளர்த்தியும் ஓடுபவை. அடுத்து வருபவை பாறையைக் குறுக்கே அசைத்துக்கொண்டு ஓடுபவை. பல நிலநடுக்கங்களின் பதிவுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்த ஓல்டாம், பூமியின் மறுபக்கத்துக்குப் போன அலைகள் வரவேண்டிய நேரத்துக்குப் பிந்தி வருவதைக் கவனித்தார். வழியில் அலைகளின் வேகத்தைக் குறைக்கும் வேறு ஒரு பொருள் இருக்கிறது, பூமிக்கு ஒரு தனி மையம் இருக்கிறது என்று 1906இல் எழுதினார்.

குறுக்கே அசைக்கும் அலைகள் திரவத்துக்குள் போக மாட்டா. மையத்தைக் கடந்து அவை நேராக வந்து சேர்வதில்லை. மையம் திரவமாக இருக்க வேண்டும் என்பதை 1926இல் ஹரால்டு ஜெஃப்ரீஸ் நிறுவினார். பத்தே வருடத்தில், டென்மார்க்கைச் சேர்ந்த இங்கெ லேமான் (Inge Lehmann) என்ற பெண், வரவே கூடாத இடத்தில் மெல்லிய அலைகள் சில வந்திருப்பதைப் பிடித்தார். 1929இல் நியூசிலாந்தில் வந்த ஒரு நிலநடுக்கத்தின் பதிவுகள் அதற்கு உதவின. மையத்துக்கு உள்ளே இன்னொரு மையம் இருப்பதை 1936இல் அறிவித்தார். அவ்வளவு ஆழத்தில் அவ்வளவு அடர்த்தியோடு இருக்கக்கூடிய, அண்டத்தில் ஏராளமாகக் கிடைக்கிற பொருள் எது என்று கேட்டால் இரும்பில் வந்து நிற்கிறோம். வானத்திலிருந்து விழும் கற்களில் ஒரு வகை முழுக்க இரும்பும் நிக்கலுமாக இருப்பதும், பூமியே ஒரு காந்தமாக இருப்பதும் அதற்குத் துணை நிற்கின்றன.

நூற்று நாற்பது வருடக் கதை. இதைக் கேட்ட பிள்ளைக்கு "நடுவில் இரும்பு" என்பது இனி ஒப்பிக்க வேண்டிய வரியாக இருக்காது. நாளைக்கு யாராவது "பூமிக்குள்ளே காலியிடம், அங்கே மக்கள் வசிக்கிறார்கள்" என்று காணொளி அனுப்பினால், "அப்படின்னா நிலநடுக்க அலை எப்படி வந்துச்சு?" என்று கேட்கும்.

அந்தப் புத்தகத்தை எழுதும்போது நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். படம் வரைந்த ஓவியர் போன் செய்து, "மையத்துக்கு என்ன கலர் போடட்டும் மேடம்?" என்று கேட்டார். பூமியைப் பாதியாக வெட்டி, உள்ளே ஆரஞ்சும் மஞ்சளும் சிவப்புமாக அடுக்கடுக்காகக் காட்டும் படம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. யோசித்துப் பார்த்தால் அந்தப் படம், யாரோ நேரில் போய்ப் பார்த்து வரைந்ததைப் போலிருக்கிறது. இருவரும் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முதல் பல பக்கங்களுக்கு வெட்டுப்படமே கிடையாது. கருவி காகிதத்தில் கிறுக்கிய கோடுகள் மட்டும். அந்தக் கோடுகளில் இருந்து ஒவ்வொரு அடுக்காகத் துலங்க, கடைசியில்தான் முழுப் பூமி வருகிறது. பதிப்பாளருக்கு முதலில் தயக்கம். பிள்ளைகள் புத்தகத்தில் முதல் பக்கமே வண்ணமாக இல்லாவிட்டால் புத்தகக் காட்சியில் யார் எடுப்பார்கள் என்றார். அவர் கவலையிலும் நியாயம் இருந்தது. அட்டையை மட்டும் வண்ணமயமாக்கிக்கொண்டோம். அந்த ஓவியர் என்னைவிட ஆழமாக விஷயத்தைப் புரிந்துகொண்டு வரைந்தார் என்பதை நன்றியோடு சொல்கிறேன். சிறுவர் அறிவியல் புத்தகத்தில் ஓவியருக்குப் பாதிப் பங்கு உண்டு, அட்டையில் அவர் பெயரும் நம் பெயர் அளவுக்கே இருக்க வேண்டும்.

சரி, கிரகணத்துக்கு வருகிறேன். 2019 டிசம்பர் 26 காலை, நம் தமிழ்நாட்டின் நடுவாக வளையச் சூரிய கிரகணத்தின் பாதை போனது. கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களில் ஒன்பதரை மணி வாக்கில் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. நிலா அன்று பூமியிலிருந்து சற்றுத் தள்ளி இருந்ததால் சூரியனை முழுதாக மறைக்கப் போதவில்லை, சுற்றிலும் விளிம்பு மிஞ்சியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் பல வானியல் குழுக்களும் மாநிலமெங்கும் சூரியக் கண்ணாடிகளோடு மக்களைக் கூட்டிக் காட்டின. நான் கரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தேன்.

பள்ளி மைதானத்தில் கண்ணாடி கொடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு வாசலில் ஒரு வயதான அம்மா பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவே உலக்கையை நிறுத்தியிருந்தார். அது ஆடாமல் அசையாமல் நின்றது. பிள்ளைகளில் பாதிப் பேர் கண்ணாடியை விட்டுவிட்டு அங்கே ஓடிவிட்டார்கள்.

"கெரகணம் புடிச்சிருக்கறப்பதான் கண்ணு இது தானா நிக்கும். விட்டுச்சுன்னா வுழுந்துரும்" என்றார்.

"ஆத்தா, விட்டப்பறமும் எடுக்காம அப்படியே விட்டு வைக்கலாமுங்களா? எப்ப விழுதுன்னு பார்ப்போம்" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன, இருக்கட்டும்" என்றார்.

பதினொன்றேகால் வாக்கில் கிரகணம் விட்டது. உலக்கை நின்றது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பன்னிரண்டு மணிக்கும் நின்றது. அந்த அம்மா எழுந்து வந்து அதை எடுத்து, மறுபடி தாமே நிறுத்தினார். நின்றது. அடியைத் திருப்பிப் பார்த்தார். பூண் போட்ட தட்டையான அடி. உலக்கையின் எடை அந்த வட்டத்துக்கு நேர் மேலே இருக்கும்வரை அது நிற்கும், எந்த நாளிலும் நிற்கும். இதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: "இத்தன வருசமா மத்த நாள்ல ஒருநாளும் நிறுத்திப் பாக்கலியே."

அறிவியலின் மிக முக்கியமான பாடம் ஒன்றை அவர் அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார். அவர் செய்துவந்தது ஏற்கெனவே ஒரு சோதனைதான். கையால் செய்து, கண்ணால் பார்த்து, அதன் பிறகு நம்பினார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண நாள் மட்டும் அதில் குறைந்தது. கிரகண நாளில் நின்றது என்பது பாதிச் செய்தி. கிரகணம் இல்லாத நாளில் நிற்கிறதா என்பது மீதி. இரண்டும் சேர்ந்தால்தான் கிரகணத்துக்கும் உலக்கைக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று சொல்ல முடியும்.

இந்த மாதிரி நேரத்தில் "மூடநம்பிக்கை" என்று பேச்சைத் தொடங்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததுமே எதிரில் இருப்பவர் கதவைச் சாத்திவிடுவார், அதுவும் பேரப்பிள்ளைகள் முன்னால். அவருடைய உலக்கை, அவருடைய தாம்பாளம், அவருடைய கை. முடிவும் அவருடையதாக இருக்கட்டுமே.

இதற்கு ஒன்றரை வருடம் கூட ஆகவில்லை, உலக்கையிடம் கேட்ட அதே கேள்வியை மிகவும் துயரமான ஒரு சூழ்நிலையில் கேட்க வேண்டி வந்தது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை அரசு மருத்துவமனையில் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மக்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலை இறந்துபோனார். தமிழ்நாடே கலங்கியது. அன்று காலையிலிருந்து என் போன் ஓயவில்லை. சொந்தக்காரர்கள், பழைய வாசகர்கள், ஆசிரியர்கள், எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணன். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "ஊசி போட்ட மறுநாளே இப்படி ஆயிருக்கே, எப்படிங்க நம்பறது?"

"அறிவியல் சொல்கிறது, நம்புங்கள்" என்று சொல்லி ஒரு பயனும் இல்லை. அது ஒரு பதிலே அல்ல. அவர்கள் பயப்பட ஒரு காரணம் இருந்தது. ஒன்றுக்கு அடுத்து இன்னொன்று நடந்தால், முதலாவதுதான் காரணம் என்று மனது முடிச்சுப் போடும். அதனால் ஒவ்வொருவரிடமும் பொறுமையாக இப்படிப் பேசினேன். நாடு முழுவதும் இப்போது தினமும் லட்சக்கணக்கானோர் ஊசி போடுகிறார்கள், பெரும்பாலும் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள். ஊசியே இல்லாத வருடங்களிலும் அந்த வயதுக்காரர்களில் தினமும் பலருக்கு மாரடைப்பு வந்துகொண்டுதான் இருந்தது. ஊசி போட்டவர்களில் சிலருக்கு மறுநாள் மாரடைப்பு வருவது, ஊசிக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் நடக்கும். கேட்க வேண்டிய கேள்வி, ஊசி போட்டவர்களுக்குப் போடாதவர்களைவிட அதிகமாக வருகிறதா என்பதுதான்.

சோதனை எப்படி நடக்கிறது என்பதையும் சொன்னேன். கோவாக்சினின் மூன்றாம் கட்டச் சோதனையில் ஏறத்தாழ 25,800 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்குத் தடுப்பு மருந்து இல்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அந்தச் சோதனையின் முடிவு வருவதற்கு முன்பே அவசர அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அதைச் சொல்லாதே, மக்கள் இன்னும் பயப்படுவார்கள் என்று நல்ல எண்ணத்தோடு சிலர் எனக்கு அறிவுரை சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாதியை மறைத்து ஒருவரை ஊசிக்கு அனுப்பிவிடலாம். மறைத்தது நாளைக்குத் தெரிந்தால் அடுத்த முறை அவர் நம்மிடம் கேட்கவே மாட்டார். விவேக்கின் மரணத்துக்குத் தடுப்பூசி காரணம் இல்லை என்று அதை ஆராய்ந்த தேசியக் குழு அந்த வருடம் அக்டோபரில் முடிவு சொன்னது. ஏப்ரலில் யாரிடமும் அந்த முடிவு இல்லை. ஆகவே ஏப்ரலில் நம்மால் கொடுக்க முடிந்தது, யோசிக்கும் முறையை மட்டும்தான். அது போதுமானதாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். சிலர் போய்ப் போட்டுக்கொண்டார்கள், சிலர் போகவில்லை.

பத்திரிகைக்கு எழுதுவது வேறு வகையான சோதனை. அங்கே நேரம் கிடையாது. 2011 செப்டம்பரில், ஜெனீவாவிலிருந்து 730 கிலோமீட்டர் தாண்டி இத்தாலியின் கிரான் சாசோ சுரங்கத்துக்கு அனுப்பிய நியூட்ரினோக்கள் என்ற மிக நுண்ணிய துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாகச் செய்தி வந்தது. ஒளியை எதுவும் முந்த முடியாது என்பது ஐன்ஸ்டைனின் கோட்பாடு. "ஐன்ஸ்டைன் தோற்றார்" என்ற தலைப்பில் கட்டுரை கேட்டு ஓர் இதழாசிரியர் இரவே போன் செய்தார். நான் எழுதிக் கொடுத்தது வேறு: நேரத்தை எப்படி அளந்தார்கள், தூரத்தை எப்படி அளந்தார்கள், அந்த விஞ்ஞானிகளே "எங்கே தவறு என்று எங்களுக்குத் தெரியவில்லை, மற்றவர்களும் பாருங்கள்" என்ற தொனியில் ஏன் அறிவித்தார்கள். கட்டுரை வந்தது. தலைப்பு மட்டும் அவர்கள் முதலில் கேட்டபடியே இருந்தது. சில மாதங்களில் ஒளியிழைக் கம்பி ஒன்று சரியாகப் பொருத்தப்படாததுதான் காரணம் என்று தெரிந்தது. அதன் பிறகு, தலைப்பு மாற்றினால் எனக்குச் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்கிறேன். புதிதாக வருபவர்களும் அதைச் செய்யுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

விஞ்ஞானிகளோடு பேசுவதற்கும் ஒரு வார்த்தை. போன் செய்யக் கூச்சப்படாதீர்கள். பெரிய நிறுவனங்களில் இருப்பவர்கள்கூட, அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பேசுகிறோம் என்று தெரிந்தால் நேரம் ஒதுக்குகிறார்கள். "உங்கள் கண்டுபிடிப்பு என்ன?" என்று தொடங்கினால் செய்திக் குறிப்பில் இருப்பதையே திரும்பச் சொல்வார்கள். "இதை எப்படி அளந்தீர்கள், எந்த இடத்தில் உங்களுக்கே சந்தேகம் வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். குரலே மாறிவிடும். எழுதி முடித்ததும் அவர்கள் சொன்ன பகுதிகளைத் தமிழிலேயே வாசித்துக் காட்டுகிறேன். தமிழ் தெரியாதவர் என்றால் அர்த்தம் சொல்கிறேன்.

நியூட்ரினோ என்றதும் தேனி நினைவுக்கு வராமல் இருக்காது. பொட்டிப்புரம் பக்கம் மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, நியூட்ரினோவை ஆராய ஐம்பதாயிரம் டன் காந்த இரும்பால் ஒரு கருவி அமைப்பதுதான் திட்டமாக இருந்தது. சூரியனிலிருந்தே நம் உடல் வழியாக நொடிக்குக் கோடி கோடியாக நியூட்ரினோ போய்க்கொண்டிருக்கிறது, அதனால் தீங்கில்லை. 1965இலேயே கோலார் தங்கவயலின் ஆழத்தில் நம்மவர்கள் நியூட்ரினோவைப் பதிவு செய்திருக்கிறார்கள். இதெல்லாம் உண்மை. அந்த வட்டாரத்தில் நானும் சில கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனால் அங்கே எழுந்து நின்றவர்கள் கேட்டது, "பாறைய வெடி வெச்சு ஒடைச்சா ஊத்து என்னாகும்? ஆடு மேய்க்க மலைக்கு விடுவாங்களா? இத எப்படிச் சோதிச்சாங்க, யார் சோதிச்சாங்க?" என்று. மேடையில் இருந்தவர்கள் துகளைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்விகளும் "அது எப்படித் தெரியும்?" என்ற கேள்விதான். துகள் விஷயத்தில் அதற்குப் பதில் சொல்லத் தயாராக இருந்த நாம், ஊற்று விஷயத்தில் அதே அக்கறையோடு தயாராகப் போகவில்லை என்பது என் கருத்து. திட்டத்துக்கு அனுமதி இல்லை என்று தமிழக அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அடிப்படை ஆராய்ச்சியை நேசிக்கிறவள் என்ற முறையில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த மக்களிடம் எனக்குக் கோபம் இல்லை.

இந்த வேலை நம் ஊருக்குப் புதியதும் இல்லை. சென்னை நுங்கம்பாக்கம் வான்நோக்கு நிலையத்தில் பல வருடங்கள் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறும் விண்மீனை, அதாவது ஒளி கூடிக் குறையும் விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடக்கப்போகிறது என்று தெரிந்ததும், மக்களுக்காக ஒரு சிறு நூல் எழுதி, அதைப் பல இந்திய மொழிகளில் கொண்டுவர முயன்றார். உரையாடல் வடிவில் எழுதப்பட்ட நூல் அது. வெள்ளி கடப்பதை உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்து நேரம் குறித்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம் என்பதுதான் அந்த நிகழ்வின் பெருமை. பஞ்சாங்கம் பார்க்கிறவர்களை எதிரியாக வைக்காமல், அவர்களோடு பேசி, கண்ணால் பார்த்துக் கணக்கைத் திருத்துங்கள் என்று கேட்டவர் அவர். யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். பெ.நா. அப்புசுவாமி வழக்கறிஞர். 1986இல் தொண்ணூற்று நான்கு வயதில் இறக்கும்வரை, வாழ்நாளின் பெரும்பகுதியைத் தமிழில் அறிவியல் எழுதக் கொடுத்தார். 1987இல் தொடங்கிய துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழைப் படித்து வளர்ந்தவர்கள் இன்று ஆசிரியர்களாக, விஞ்ஞானிகளாக இருக்கிறார்கள். நானும் துளிர் படித்த பிள்ளைதான். எங்கள் வீட்டில் அந்த இதழ் வரும் நாளில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை நடக்கும்.

பணத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். தமிழில் அறிவியல் எழுதி மட்டும் குடும்பம் நடத்துவது கடினம். இதழ்கள் தரும் தொகை சிறியது, புத்தக உரிமைத்தொகை வருடத்துக்கு ஒருமுறை வந்தால் நல்லது. என் வீட்டுச் செலவை ஓட்டுவது பாடத்திட்ட எழுத்து, மொழிபெயர்ப்பு, ஆசிரியர் பயிற்சி முகாம்கள். என் கணவரின் மாதச் சம்பளமும் துணை. இதைச் சொல்லாமல் இளைஞர்களை இந்த வழிக்கு அழைப்பது சரியில்லை. வேறு ஒரு வேலையில் இருந்துகொண்டே தொடங்குங்கள். ஆசிரியர் வேலை என்றால் மிக நல்லது, கேள்வி கேட்கும் பிள்ளைகள் தினமும் எதிரில் இருப்பார்கள். என்ன படிக்க வேண்டும் என்று கேட்டால், ஏதாவது ஒரு அறிவியலை ஆழமாகப் படியுங்கள், புள்ளியியலைக் கண்டிப்பாகப் படியுங்கள், நல்ல தமிழ் உரைநடையைத் தினமும் கொஞ்சம் வாசியுங்கள்.

இப்போது நான் தயாரித்துக்கொண்டிருப்பது நிழலைப் பற்றி ஒரு சிறு நூல். மதியம் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் தலைக்கு நேர் மேலே என்று எல்லோரும் சொல்கிறோம். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் வருடத்துக்கு இரண்டே நாள்தான் அப்படி. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். அன்று நண்பகலில் நேராக நட்ட குச்சிக்குப் பக்கத்தில் நிழலே இருக்காது. அதே ஏப்ரல் நாளில் கன்னியாகுமரியில் நட்ட ஒரு மீட்டர் குச்சிக்கு எட்டரை சென்டிமீட்டர் அளவு நிழல் விழும், அதுவும் தெற்குப் பக்கம். அந்தக் கோணம் கிட்டத்தட்ட ஐந்து டிகிரி. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக நேர்தூரம் சுமார் 550 கிலோமீட்டர். ஒரு முழுச் சுற்றில் ஐந்து டிகிரி எழுபத்திரண்டு முறை வரும். பெருக்கினால் 39,600 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு நாற்பதாயிரத்துக்குப் பக்கம் என்பது ஒரு பள்ளி மைதானத்திலேயே தெரிந்துவிடுகிறது. கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தீனிஸ் இருபத்திரண்டு நூற்றாண்டுக்கு முன் எகிப்தில் போட்ட கணக்குதான் இது.

வரும் ஏப்ரலில் தெற்கிலும் வடக்கிலுமாகச் சில பள்ளிகளை ஜோடி சேர்த்து இதைச் செய்யப் போகிறோம். ஆசிரியர்கள் யாராவது சேர விரும்பினால் எழுதுங்கள். வேண்டியது ஒரு மீட்டர் நேர்க்குச்சி, அளவுகோல், சமதளமான தரை. கடிகாரத்தில் பன்னிரண்டு மணியை நம்ப வேண்டாம். பதினொன்றே முக்காலில் தொடங்கி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்துக்கொண்டே வந்து, மிகக் குட்டையான நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் அந்த நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசப்படும். குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள்.